சேற்றுக்குள் ஒரு நாற்காலி

நடவு நடக்கும் வயலின் வரப்பில் ஒருவர் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பதை நான் அதற்கு முன்பு பார்த்ததில்லை. கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் போகும் சாலையை விட்டு இறங்கும் மண்பாதையில் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு நான் பார்த்த அந்த நாற்காலி, கல்யாண மண்டபங்களுக்கு வாடகைக்குப் போகும் வகையைச் சேர்ந்த சிவப்புப் பிளாஸ்டிக் நாற்காலி. வரப்பு குறுகலாக இருந்ததால் அதன் முன்னங்கால்கள் வரப்பின் மீதும், பின்னங்கால்கள் வாய்க்கால் ஓரத்தில் அடுக்கிய செங்கற்களின் மீதும் நின்றன. அதில் ஓர் அம்மா, புகைப்படம் எடுக்கக் காத்திருப்பவரைப் போல இரு கைகளையும் முழங்கால்களில் வைத்து, முதுகை நிமிர்த்தி அமர்ந்திருந்தார். சேலைக்கு மேல் இடுப்பைச் சுற்றி, நான் வேலை பார்த்த மருத்துவமனையில் நாங்கள் கொடுத்தனுப்பிய அகலமான பெல்ட். எதிரே வயலில் பெண்கள் வரிசையாகக் குனிந்து, நட்டபடியே பின்னோக்கி நகர்ந்துகொண்டிருந்தார்கள். அவர்களுக்கு அப்பால் கல்வராயன் மலை வெயிலில் மங்கிக் கிடந்தது. அந்த வரிசையின் வலது முனையில் அவர் நின்றிருக்க வேண்டும். அங்கே வேறொருவர் நின்றிருந்தார்.

நடவுக்கு ஆள் கூட்டி, அவர்களை வேலை வாங்குபவரை எங்கள் பக்கத்தில் மேஸ்திரி என்பார்கள். நானும் அவரை மேஸ்திரியக்கா என்றே அழைத்தேன். ஆண் மேஸ்திரிகள் வரப்பில் நின்று சத்தம் போடுவது உண்டு. பெண்களே சேர்ந்து அமைத்துக்கொண்ட கூட்டத்தில் அது செல்லாது. அங்கே மேஸ்திரியும் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு சேற்றில் இறங்க வேண்டும். வரிசையின் முனையில் நின்று, எல்லாரையும் போலக் குனிந்து நட வேண்டும். அவருடைய கை போகும் வேகம்தான் வரிசையின் வேகம். பின்தங்குகிறவளை அவர் திட்டலாம். நெருக்கி நடுகிறவளின் நாற்றைப் பிடுங்கிப் போட்டுத் திரும்ப நடச் சொல்லலாம். அந்த உரிமையை அவருக்குக் கொடுப்பது குனிந்த முதுகு மட்டும்தான். இந்த எழுதாத விதியை மருத்துவமனையில் யாரும் அறிந்திருக்கவில்லை. அறிந்திருந்தால் அவருடைய முதுகைப் பற்றி நாங்கள் கேட்ட கேள்விகள் வேறு மாதிரி இருந்திருக்கும் என்று இப்போது தோன்றுகிறது.

சமூகப் பணியில் முதுகலை முடித்துவிட்டு, கள்ளக்குறிச்சியில் ஒரு மருத்துவமனையில் நான் வேலைக்குச் சேர்ந்திருந்த காலம் அது. கீழ்முதுகில் அறுவை சிகிச்சை செய்துகொண்டு வீடு திரும்பியவர்களைத் தொடர்ந்து கவனிப்பது என் பொறுப்பு. வலி எவ்வளவு குறைந்தது, எவ்வளவு தூரம் நடக்கிறார்கள், எந்த வேலைக்குத் திரும்பினார்கள், செய்துகொண்ட சிகிச்சையில் அவர்களுக்குத் திருப்தியா என்று நேரிலும் தொலைபேசியிலும் வீடு தேடிப் போயும் கேட்க வேண்டும். இந்தக் கடைசிக் கேள்வியை எங்கள் டாக்டர் மிகவும் மதித்தார். "ஸ்கேன் நல்லா இருக்கு, காயம் ஆறிடுச்சு என்பது என்னுடைய பதில். அவங்களோட பதில் வேற. அது எனக்குத் தெரியணும்," என்று நான் சேர்ந்த வாரத்திலேயே சொன்னார். அவர் தெற்கே எங்கோ பிறந்து, பெரிய நகரங்களில் படித்து, எங்கள் ஊருக்கு வந்து தங்கியவர். கேட்டால் பதில் கிடைக்கும் என்று நம்பியவர். நானும் அப்படித்தான் நம்பினேன்.

மேஸ்திரியக்கா முதன்முதலாக வந்தபோது ஷேர் ஆட்டோவின் பின் இருக்கை முழுவதிலும் ஒருக்களித்துப் படுத்துக்கொண்டுதான் வந்தார். முதுகெலும்புகளுக்கு இடையே மெத்தைபோல இருக்கும் வட்டு பிதுங்கி நரம்பை அழுத்தி, இடது புட்டத்திலிருந்து கால் பெருவிரல் வரை வலி மின்சாரம் போல இறங்கிக்கொண்டிருந்தது. உடன் வந்தவர் அவருடைய மூத்த ஓரகத்தி, அதாவது கணவரின் அண்ணன் மனைவி. வீட்டில் மூத்தவர், வயலில் இளையவரின் கீழ் வேலை செய்பவர். இந்த முரண்பாட்டை இருவரும் பேச்சிலேயே தீர்த்துக்கொண்டிருந்தார்கள்.

வலியைப் பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் ஓர் எண்ணாகச் சொல்லச் சொன்னேன். "நெம்பரு பஸ்ஸுக்குத்தான் பாப்பா இருக்கும். வலிக்கு ஏது நெம்பரு?" என்றார். எண் சொல்லத் தெரியாதவர்களுக்காக, சிரிப்பில் தொடங்கி அழுகையில் முடியும் முகங்கள் வரைந்த அட்டை ஒன்று எங்களிடம் இருந்தது. அதை நீட்டினேன். படுத்தபடியே வெகுநேரம் பார்த்தார். பிறகு, வாய் ஒரு கோடாக இறுகியிருந்த நடு முகத்தின் மீது விரல் வைத்தார்.

"இது எங்க ஓரவத்தி. பொங்கலன்னிக்குக்கூட மூஞ்சிய இப்படித்தான் வெச்சிக்கினு இருப்பா."

"ஆமாண்டி. உன்னத் தூக்கிக்கினு வந்தேன் பாரு, என்னச் சொல்லணும்," என்றார் ஓரகத்தி, அதே முகத்தோடு.

அறுவை சிகிச்சை பற்றி டாக்டர் விளக்கியபோது மேஸ்திரியக்கா ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "நான் திரும்ப முனையில நிக்கணுங்க. அது முடியும்னா கத்தி வைங்க. முடியாதுன்னா இப்பவே வூட்டுக்கு அனுப்பிடுங்க." முனை என்றால் என்னவென்று டாக்டருக்குத் தெரியவில்லை. ஏதோ நின்று செய்யும் வேலை என்று நினைத்திருப்பார். நான் விளக்கினேன். கால் வலி போய்விடும் என்று நம்பிச் சொல்ல முடியும், நாள் முழுக்கக் குனிந்து வேலை செய்யலாமா என்பதை இப்போது சொல்ல முடியாது என்று அவர் நேர்மையாகவே பதில் சொன்னார். மேஸ்திரியக்கா ஓரகத்தியின் பக்கம் திரும்பி, "முடியாதுன்னு சொல்லல பாத்தியா," என்றார். டாக்டர் சொன்னது ஓர் எச்சரிக்கை. மேஸ்திரியக்கா காதில் வாங்கிக்கொண்டது ஒரு வாக்குறுதி. அந்த அறையில் இருந்த யாரும் பொய் சொல்லவில்லை. ஆனாலும் அங்கிருந்து இருவரும் வெவ்வேறு எதிர்பார்ப்புகளோடுதான் வெளியேறினார்கள்.

சிகிச்சை நன்றாகவே முடிந்தது. மறுநாளே கால் வலி நின்றுவிட்டது; தாழ்வாரத்தில் சுவரைப் பிடிக்காமல் நடந்தார். சில வாரங்கள் கழித்து மறுபரிசோதனைக்கு வந்தவரிடம் டாக்டர் ஆவலோடு கேட்டார், "எப்படி இருக்கீங்க?"

"இன்னாத்த சொல்றதுங்க. ஏதோ கெடக்கறேன்."

"கால் வலி?"

"அதப் பத்தி இன்னாத்துக்குங்க இப்ப பேச்சு. இந்தப் பெல்டு இருக்குதே, இதக் கட்டிக்கினா வெந்து போவுது. உங்க ஆஸ்பத்திரி சாம்பாரு மாதிரி ஒரு சாம்பார நான் எங்கயும் பாத்ததில்ல."

டாக்டரின் முகம் வாடியது. பின்னால் நின்ற ஓரகத்தி, மேஸ்திரியக்காவுக்குத் தெரியாமல் கன்னத்தில் கை வைத்து, தூங்குவது போலத் தலையைச் சாய்த்துக் காட்டினார். பிறகு மெல்லிய குரலில், "கொறட்ட வுட்டுக்கினு தூங்கறா. எங்களுக்குத்தான் தூக்கம் இல்ல," என்றார். திருப்தி என்ற இடத்தில் நான் என்ன எழுதுவது? அவர் சொன்னதைத்தான் எழுத முடியும். சுமார் என்று எழுதினேன்.

அந்தச் சம்பா பருவத்தில்தான் நாற்காலி வரப்புக்கு வந்தது. மூன்று மாதங்களுக்குக் குனியக்கூடாது, பாரம் தூக்கக்கூடாது, தரையில் உட்காரக்கூடாது என்பது டாக்டரின் கட்டளை. நாற்காலியில் உட்காரலாம் என்றும் சொல்லியிருந்தார். மேஸ்திரியக்கா அந்த அனுமதியை வயலுக்கே எடுத்துப் போய்விட்டார். நான் போயிருந்த அன்று, ஒருத்தி நெருக்கி நடுவதைப் பார்த்து அவர் வரப்பிலிருந்து கத்தினார். வரிசையில் ஒருவரும் நிமிரவில்லை. சற்றுப் பொறுத்து, குனிந்தபடியே ஒரு குரல் வந்தது: "கலெக்டரம்மா பார்வையிட வந்துக்கினு இருக்காங்க. ஒழுங்கா நடுங்கடி." வயல் முழுக்கச் சிரிப்பு. முனையில் நின்ற ஓரகத்தி மட்டும் சிரிக்கவில்லை, கண்டிக்கவும் இல்லை. மேஸ்திரியக்காவும் சிரித்தார். அவர் கைகள் முழங்காலை விட்டு நாற்காலியின் கைப்பிடிகளுக்குப் போய் இறுகியதை நான் கவனித்தேன். கால் வலி போன ஒரு மனிதர், தான் ஆண்ட இடத்தின் ஓரத்தில் ஒரு பார்வையாளராக உட்கார்ந்திருந்தார். எங்கள் கணக்கில் அது வெற்றிகரமான சிகிச்சை. அப்படி எண்ணியது தவறும் அல்ல.

இதற்கிடையே, என் வேலையில் ஒரு விசித்திரம் தென்படத் தொடங்கியிருந்தது. நன்றாகத் தேறியவர்கள் அரைமனதாகப் பதில் சொன்னார்கள். தேறாதவர்கள் கைகூப்பி நன்றி சொன்னார்கள். கல்வராயன் மலையிலிருந்து, மரவள்ளி மூட்டை சுமந்தே முதுகைக் கெடுத்துக்கொண்ட ஒருவர் பரிசோதனைக்கு வந்திருந்தார். டாக்டருக்கென்று ஒரு முழுப் பலாப்பழத்தைத் தோளில் சுமந்து, மலைப் பேருந்தில் ஏற்றி இறக்கி, எங்கள் வாசற்படிகளையும் ஏறி, மேசை மீது தொப்பென்று வைத்துவிட்டு, "ஒண்ணும் சொல்றதுக்கு இல்லீங்க. அப்படியேதான் கெடக்குது," என்றார். டாக்டர் பழத்தையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். அதே வாரத்தில், சுவரைப் பிடித்துப் பிடித்து நடந்துவந்த இன்னொருவர், "உங்க புண்ணியத்துல நல்லா இருக்கேங்க," என்று சொல்லிப் போனார்.

காரணம் எனக்குப் புதிதல்ல. என் ஊரான தியாகதுருகத்தில் என் சொந்த வீட்டிலேயே அது உண்டு. குழந்தை கொழுகொழுவென்று இருந்தால் எங்கள் வீட்டில் யாரும் அதை வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள். நன்றாக இருக்கிறேன் என்று நாலு பேர் காதுபடச் சொன்னால் கண் பட்டுவிடும். சொன்ன நாவாலேயே கெட்டுவிடும். ஆகவே நலமாக இருப்பவர், 'ஏதோ' என்ற சொல்லுக்குப் பின்னால் தன் நலத்தை ஒளித்துவைக்கிறார். நலமில்லாதவருக்கு ஒளித்துவைக்க எதுவும் இல்லை. தன் உடம்பில் கைவைத்துப் பாடுபட்ட டாக்டரின் முகத்துக்கு நேராக, நீங்கள் செய்தது பலிக்கவில்லை என்று சொல்வது அவருக்குப் பெரும் மரியாதைக் குறைவு. ஆகவே அவர் டாக்டருக்கு ஆறுதல் சொல்கிறார். வீட்டில் எனக்குத் தெரிந்த இந்த வழக்கம் மருத்துவமனை வாசலோடு நின்றுவிடும் என்று எண்ண எந்தக் காரணமும் இல்லை. கேள்வியை நகரத்தில் இருந்து கொண்டுவரலாம்; பதில் இந்த மண்ணில் இருந்துதான் வரும்.

இதை டாக்டரிடம் சொன்னபோது அவர் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "அப்படின்னா யாராவது என்னைப் புகழ்ந்தா நான் பயப்படணுமா?" என்று கேட்டார். எல்லாருடைய விஷயத்திலும் அப்படியில்லை என்றேன். அது உண்மை. உள்ளது உள்ளபடி சொல்பவர்களும் நிறைய இருந்தார்கள். ஒரு வழக்கத்தைக் கண்டுகொண்டதும் அதையே எல்லாவற்றுக்கும் திறவுகோலாக்குவதும் ஒரு வகை அறியாமைதான்.

தை மாத நடவு முடிந்து, பங்குனி வெயிலில் மேஸ்திரியக்கா மீண்டும் வந்தார். அன்று புதுச் சேலை உடுத்தியிருந்தார். பெல்ட்டைப் பற்றிப் புகார் இல்லை; சாம்பாரைப் பற்றிப் பேச்சே இல்லை. டாக்டர் கேட்பதற்கு முன்பே, "ரொம்ப நல்லா இருக்கேங்க. ஒரு கொறையும் இல்ல. உங்க கை ராசியான கை," என்று கும்பிட்டார். டாக்டரின் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன். ஓரகத்தியையும் பார்த்தேன். அவர் சுவரில் மாட்டியிருந்த முதுகெலும்புப் படத்தை, அதில் ஏதோ படிக்க இருப்பதைப் போல, பார்த்துக்கொண்டிருந்தார். இருவருக்குள்ளும் அன்று ஒரு கேலியும் நடக்கவில்லை. அந்த அமைதிதான் என்னைக் கலங்கச் செய்தது.

அவர்கள் அறையை விட்டு வெளியே வந்தபோது நானும் கூட வந்தேன். வாசலில் கழற்றிவிட்ட செருப்புகளுக்கு நடுவே மேஸ்திரியக்காவின் செருப்பு ஒன்றுதான் இருந்தது.

"இன்னொண்ணு எங்கக்கா?"

"இங்கதான வுட்டேன். எந்த நாயி தூக்கிக்கினு போச்சோ."

ஓரகத்தி வெயிலில் இறங்கி நடந்தார். வெளிவாசல் வரை போய், ஷேர் ஆட்டோக்கள் நிற்கும் இடத்திலிருந்து இடதுகால் செருப்பை எடுத்துக்கொண்டு திரும்பி வந்து, அதைக் கீழே போட்டார். அது ஆட்டோவை விட்டு இறங்கும்போதே கழன்றிருக்கிறது. அங்கிருந்து தாழ்வாரம் வரைக்கும் கொதிக்கும் சிமெண்டுத் தரையில் ஒற்றைக் கால் வெறுங்காலாக நடந்து வந்திருக்கிறார். அவருக்கு அது தெரியவே இல்லை.

"குதிகால்ல மட்டும் நின்னு ரெண்டு அடி நடங்கக்கா," என்றேன். வலது பாதம் உயர்ந்தது. இடது பாதத்தின் விரல்கள் தரையை விட்டு எழவில்லை. அவர் முயல்வது முகத்தில் தெரிந்தது, பாதத்தில் தெரியவில்லை.

"சொல்லுடி," என்றார் ஓரகத்தி. "வாயத் தொறந்து சொல்லு. தையில முனையில எறங்குனா பாப்பா. வேணாம் வேணாம்னு நான் சொல்லச் சொல்ல, என்ன அந்தாண்ட தள்ளிட்டு நின்னா. அதுலருந்து காலு இழுத்துக்கினு வர்றா. கேட்டா செருப்பு பெருசுன்றா."

மேஸ்திரியக்கா சுவரோரம் போட்டிருந்த பெஞ்சில் உட்கார்ந்தார். "கை வெச்சு சரி பண்ணி அனுப்பினாரு. அவரு மூஞ்சிக்கு நேரா கெட்டுப் போச்சுன்னு எப்படி பாப்பா சொல்றது? அதுவும் கெடுத்துக்கினவ நானு." பிறகு, இன்னும் தணிந்த குரலில், "சொன்னா இனிமே வயல்லயே எறங்காதன்னுவாரு," என்றார்.

அவரை மீண்டும் உள்ளே அழைத்துப் போனேன். டாக்டர் கோபப்படவில்லை. கால் பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் இடையில், செருப்பின் வார் பிடிக்கும் இடத்தில், ஊசி முனையால் மெல்லத் தொட்டார். தொட்டது தெரிகிறதா என்று கேட்டார். மேஸ்திரியக்கா கூரையைப் பார்த்தபடி, "தொடுங்க, சொல்றேன்," என்றார். டாக்டர் அதற்குள் பலமுறை தொட்டிருந்தார்.

ஸ்கேனில் அதே வட்டு மீண்டும் பிதுங்கியிருந்தது. விட்டுவிட்டால் பாதம் இப்படியே தொங்கிப் போய்விடக்கூடும். திரும்ப அறுத்தாலும் முழுதாக மீளும் என்று உறுதி சொல்ல முடியாது. எப்படியானாலும் இனி வரிசையில் குனிந்து நடுவது நடக்காது என்று டாக்டர் இந்த முறை ஒவ்வொன்றாகச் சொன்னார். கடைசியாகச் சொன்னதை, "நடக்காதுன்னு சொல்றேன். புரியுதாம்மா?" என்று இரண்டாம் முறையும் சொன்னார். முதல்முறை தான் சொல்லாமல் விட்ட சொல் எங்கே கொண்டுவிட்டது என்பதை அவரும் யோசித்திருக்க வேண்டும்.

மேஸ்திரியக்கா இந்த முறை முனையைப் பற்றிப் பேசவில்லை. "தையில நடும்போது ஒரு காலு சேத்துல இருக்குதுங்க. சில்லுன்னு தெரியுது. இன்னொரு காலு எங்க இருக்குதுன்னே தெரியல. குனிஞ்சு பாத்தாத்தான் இருக்குதுன்னு தெரியுது. அந்தக் காலுக்குச் சேறு தெரியணும். அது போதும்," என்றார். ஒரு சிகிச்சையிடம் ஒரு மனிதர் என்ன கேட்கிறார் என்பதை அதைவிடத் தெளிவாக நான் பிறகு கேட்டதில்லை. வலி எத்தனை, தூரம் எத்தனை என்ற எங்கள் கேள்விகளில் சேற்றுக்கு இடம் இல்லை.

இரண்டாம் அறுவை சிகிச்சையின் விளைவை நடுத்தரம் என்றுதான் மருத்துவ மொழியில் சொல்ல வேண்டும். பாதம் மாதக்கணக்கில் மெல்ல மெல்ல உயரத் தொடங்கியது; முழுதாக உயரவில்லை. முதுகில் ஒரு மந்தமான வலி நிரந்தரமாகத் தங்கியது. பாதத்தின் மேற்புறத்தில் மரத்த பகுதி சுருங்கியது, மறையவில்லை. முதல் சிகிச்சையோடு ஒப்பிட்டால் எல்லா வகையிலும் இது குறைவான பலன்.

முதல் சில வாரங்களில் நான் தொலைபேசியில் கேட்டபோதெல்லாம், "நல்லா இருக்கேன் பாப்பா," என்றார். அந்தச் சொல்லைக் கேட்டு நான் ஒவ்வொரு முறையும் பயந்தேன். ஓரகத்தியிடம் போனைக் கொடுக்கச் சொல்லி, நடக்கிறாரா, செருப்பு நிற்கிறதா என்று தனியாகக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். பிறகு ஒரு நாள் வழக்கம்போலக் கேட்டதற்கு, "இன்னாத்த நல்லா இருக்குது? இந்தப் பெல்டக் கண்டுபுடிச்சவன் என் கையில கெடச்சான்னா அவனுக்கே கட்டி வெயில்ல உக்கார வெப்பேன். உனக்கு வேற வேலையே இல்லியா, தெனம் போன் பண்ணிக்கினு?" என்று சீறினார். நான் தினமும் அழைத்தவள் அல்ல. அன்று மாலை டாக்டரிடம், மேஸ்திரியக்கா திட்டினார் என்றேன். "திட்டினாங்களா? அப்ப சரி," என்று அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

அதற்கடுத்த சம்பா நடவின்போது வீடு தேடிப் போன என்னை, மேஸ்திரியக்கா வயலுக்குப் போயிருக்கிறார் என்று அனுப்பினார்கள். பதறிக்கொண்டு போனேன். நாற்காலி பழையபடி வரப்பில் இருந்தது. அவரும் பழையபடி அதில் இருந்தார். வரிசை கோணலாகப் போய்க்கொண்டிருந்தது. முனையில் நின்ற ஓரகத்தியின் வேகத்துக்கு யாரும் ஈடுகொடுக்கவில்லை. ஒருத்தி முந்த, ஒருத்தி பிந்த, நடுவில் இருவர் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். மேஸ்திரியக்கா வரப்பிலிருந்து ஏதோ சொன்னார். "நீ உக்காரு ராணி," என்று யாரோ பதில் கொடுத்தார்கள்.

ஓரகத்தி கையிலிருந்த நாற்றைச் சேற்றில் வீசிவிட்டு விடுவிடுவென்று வரப்புக்கு வந்தார். "எந்திரி," என்றார். மேஸ்திரியக்கா எழுந்தார். ஓரகத்தி நாற்காலியைத் தூக்கித் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு வயலுக்குள் நடந்து, வரிசைக்குச் சற்றுப் பின்னால், வலது முனையில் அதைக் குத்தி நிறுத்தினார். கால்கள் புதைந்து அடிமண்ணில் இறுகும்வரை தன் முழுப் பாரத்தையும் வைத்து அமுக்கினார். பிறகு திரும்பிப் பார்த்து, ஊருக்கே கேட்கும்படி சொன்னார்: "மேட்டுல உக்காந்துக்கினு அதிகாரம் பண்ணா எவடி கேப்பா? எறங்கி வா. காலச் சேத்துல வெச்சிக்கினு திட்டு. கேக்காதவள நான் பாத்துக்கறேன்."

இருவர் கைகொடுக்க, மேஸ்திரியக்கா இறங்கினார். அந்தப் பலவீனமான பாதத்தைச் சேற்றில் வைத்து எடுப்பது அவருக்கு எளிதாக இல்லை. நான் தடுத்திருக்கலாம். உட்காரலாம், குனியக்கூடாது என்ற கட்டளையை யாரும் மீறவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வழுக்கினால் என்ன ஆகும் என்றும் எண்ணிப் பார்த்தேன். ஒரு பக்கத்தில் ஒரு முதுகெலும்பு, மறு பக்கத்தில் அந்த முதுகெலும்பு எதற்காகத் தேவைப்பட்டதோ அது. அவர் நாற்காலியில் அமர்ந்ததும் நாற்று முடிகளை, அதாவது நாற்றுக் கட்டுகளை, அவர் மடி உயரத்துக்கு ஒரு கவிழ்த்த அன்னக்கூடையின் மேல் அடுக்கினார்கள். அவர் ஒவ்வொரு முடியாக எடுத்து, யாருக்குத் தேவையோ அவர் காலடியில் விழும்படி வீசினார். பிந்துகிறவளுக்கு அருகே முடி சற்று வேகமாக விழுந்து சேற்றைத் தெறித்தது. யாரும் ராணி என்று சொல்லவில்லை. பொழுது சாய்வதற்குள் வரிசை நேராகிவிட்டது. வரிசை பின்னே வரவர, நாற்காலியும் அவரும் சேர்ந்து பின்னுக்கு நகர்ந்தார்கள்.

இப்போது நான் அந்த மருத்துவமனையில் இல்லை. மாவட்ட அளவில் வேறொரு வேலை. திருப்தியைப் பற்றிய கேள்விகளைத் தயாரிக்கும் கூட்டங்களில் அவ்வப்போது உட்கார நேர்கிறது. திருப்தி, ஓரளவு திருப்தி, திருப்தியில்லை என்று கட்டங்கள் பிரிக்கிறார்கள். அவை தேவைதான், கேட்காமல் இருப்பதைவிடக் கேட்பது மேல். ஆனால் நன்றாக முடிந்த சிகிச்சைக்குப் பின் வரப்பில் வெறுமையாக உட்கார்ந்திருந்தவரையும், சுமாராக முடிந்த சிகிச்சைக்குப் பின் சேற்றில் அதிகாரத்தோடு உட்கார்ந்திருந்தவரையும் எந்தக் கட்டத்தில் வைப்பது என்று ஒவ்வொரு முறையும் யோசிக்கிறேன். இருவரும் ஒருவரே என்பதால் பதில் இன்னும் கடினமாகிறது.

சென்ற நடவின்போது அந்தச் சாலையில் போக நேர்ந்தது. மண்பாதையில் வண்டியை நிறுத்தினேன். சிவப்பு நாற்காலி வெயிலில் வெளுத்து ரோஜா நிறத்துக்கு வந்திருந்தது. வயலின் கடைசி மூலையில், கால்கள் புதைந்து, சற்றே ஒரு பக்கம் சாய்ந்து நின்றது. மேஸ்திரியக்கா என்னைத் தூரத்திலேயே அடையாளம் கண்டுகொண்டார்.

"இன்னா பாப்பா, இப்படி இளைச்சிப் போயிட்ட? சோறு போடறதில்லியா உன் மாமியாரு?"

அருகில் போய், காலுக்குச் சேறு தெரிகிறதா என்று கேட்டேன். அவர் இடது பாதத்தை மெல்லச் சேற்றிலிருந்து எடுத்தார். விரல்கள் தயங்கித் தயங்கி நிமிர்ந்தன. இடுக்கில் இருந்த சேறு நழுவி விழுந்தது. "ஏதோ தெரியுது," என்று சொல்லிவிட்டு, கண் படாமல் இருக்கவோ என்னவோ, உடனே பாதத்தை உள்ளே புதைத்துக்கொண்டார்.

சிறிது நேரத்தில் நடவு முடிந்தது. ஓரகத்தியும் இன்னொரு பெண்ணும் அவரைக் கைத்தாங்கலாக வரப்பில் ஏற்றிவிட்டு, நாற்காலியை ஆட்டி ஆட்டிப் பிடுங்கி, வாய்க்காலில் கழுவி வைத்தார்கள். பெண்கள் ஒவ்வொருவராகக் கரையேறத் தொடங்கினார்கள். மேஸ்திரியக்கா வயலைத் திரும்பிப் பார்த்தார். மூலையில் நாற்காலி நின்ற இடம் மட்டும் வெறும் சேறாக இருந்தது.

"சேரு நின்ன எடத்த யாருக்கு வுட்டு வெச்சிருக்கீங்க?" என்று அதட்டினார்.

ஓரகத்தி முணுமுணுத்துக்கொண்டே மறுபடி இறங்கினார். நாற்காலியின் கால்கள் விட்டுப் போன குழிகளை உள்ளங்காலால் மிதித்து மூடி, அந்த மூலையையும் நட்டு முடித்தார். பிறகு அந்த வயலில் நாற்காலி எங்கே நின்றது என்று சொல்ல முடியவில்லை. ஈரம் சொட்டிக்கொண்டு அது வரப்பில் காலியாக நின்றது. மேஸ்திரியக்கா அதில் உட்காரவில்லை.